டிராப்பிஸ்ட்-1: செங்குறுமீனைச் சுற்றும் பாறைக் கோளில் காற்று தங்குமா?

பத்து லட்சத்துக்கு 861. செங்குறுமீன்கள் எனப்படும் சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரங்களைச் சுற்றும் பாறைக் கோள்களைப் பற்றிய விவாதத்தை ஒரு பக்கமாகச் சாய்த்த எண் இது. 2023 மார்ச்சில் நேச்சர் இதழில் நாசாவின் தாமஸ் கிரீன் தலைமையிலான குழு இதை வெளியிட்டது. டிராப்பிஸ்ட்-1பி என்ற கோள் தன் நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும்போது, இரண்டும் சேர்ந்து தந்துகொண்டிருந்த அகச்சிவப்பு ஒளி பத்து லட்சத்துக்கு 861 பங்கு குறைந்தது. பிழை வரம்பு 99. குறைந்த அந்தப் பங்குதான் கோளின் சொந்த வெப்பம். அதிலிருந்து கணக்கிட்டால் கோளின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வருகிறது. அதன் மேல் காற்றே இல்லாமல், கறுத்த மொட்டைப் பாறையாக இருந்தால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே போட்ட கணக்கு 235.

இவ்வளவு நெருக்கமாக ஒரு கணிப்பும் ஓர் அளவீடும் பொருந்துவது இந்தத் துறையில் அரிது. உடனே "செங்குறுமீன் கோள்கள் எல்லாமே மொட்டைதான்" என்ற பேச்சும் கிளம்பியது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவசரம் என்பதே இந்த ஆய்வின் விஷயம். உள்வட்டக் கோள்கள் இரண்டைப் பொறுத்தவரை வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்து வெளியே இருக்கும் கோள்களின் மேல் எழுத முடியாது. அங்கே நமக்குத் தடையாக நிற்பது கோள் அல்ல, நட்சத்திரம்.

களம்

கும்ப ராசி மண்டலத்தில், நம்மிடமிருந்து சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது டிராப்பிஸ்ட்-1. சூரியனின் நிறையில் 9 விழுக்காடு, குறுக்களவில் 12 விழுக்காடு. மேற்பரப்பு வெப்பநிலை 2,550 கெல்வினை ஒட்டி. மொத்த ஒளி சூரியனுடையதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் கில்லோன் குழு, சிலியின் லா சியா மலையில் வைத்திருந்த 60 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் முதலில் மூன்று கோள்களைக் கண்டதாக 2016 மே மாதம் அறிவித்தது. அப்புறம் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்ததில் எண்ணிக்கை ஏழானது. 2017 பிப்ரவரி 22 அன்று அறிவிப்பு வந்தது. ஏழும் பூமி அளவை ஒட்டியவை, ஏழும் பாறைக் கோள்கள்.

ஏழும் நட்சத்திரத்தைக் கட்டிப்பிடித்தபடிதான் சுற்றுகின்றன. முதலாவதான பி கோளுக்கு ஓர் ஆண்டு என்பது 1.5 நாள். நான்காவதான இ கோளுக்கு 6.1 நாள். கடைசி எச் கோளுக்கே 18.8 நாள்தான். எச் கோளின் பாதை சுமார் 93 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். நம் புதன் கிரகமோ சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நட்சத்திரம் மங்கல் என்பதால், இவ்வளவு நெருங்கியும் இ கோள் பூமிக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தையே பெறுகிறது. நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவு. காற்று இருந்தால்.

நம் பால்வீதியில் நான்கில் மூன்று நட்சத்திரங்கள் இந்தச் செங்குறுமீன் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கோள்களில் காற்று நிற்காது என்று ஆகிவிட்டால், உயிர் வாழத்தக்க இடங்களின் பட்டியலில் பெரும்பகுதியை அடித்துவிட வேண்டியதுதான். வழக்கு இவ்வளவு சூடாக நடப்பதன் காரணம் அதுவே.

காற்றைப் பறிப்பது எது

ஒரு கோள் காற்றை வைத்துக்கொள்ள அதன் ஈர்ப்பு போதுமா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. பி கோளின் நிறையும் ஆரமும் இப்போது நன்றாகத் தெரியும்: பூமியைப் போல 1.37 மடங்கு நிறை, 1.12 மடங்கு ஆரம். அதன்படி விடுபடு வேகம், அதாவது கோளின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம், விநாடிக்குச் சுமார் 12.4 கிலோமீட்டர். பூமிக்கு 11.2. ஆக, பி கோளின் பிடி நம்முடையதைவிட இறுக்கம். அப்படியும் அது மொட்டையாக இருக்கிறது என்றால், குறை ஈர்ப்பில் இல்லை. பறித்தவர் வேறு.

அந்த வேறு ஆள் நட்சத்திரத்தின் இளமைப் பருவம். சூரியன் போன்ற நட்சத்திரம் சில கோடி ஆண்டுகளில் நிலைப்பட்டுவிடும். டிராப்பிஸ்ட்-1 போன்ற மிகச் சிறியது அப்படியில்லை. நூறு கோடி ஆண்டு அளவுக்குச் சுருங்கிக்கொண்டே, இன்றைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும். இன்று மிதமான தொலைவில் இருக்கும் கோளும் அந்தக் காலம் முழுக்க அடுப்பில்தான் இருந்திருக்கும். நீர் முழுதும் ஆவியாகி மேலே போகும். மேலே புற ஊதா ஒளி அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பும். ரோட்ரிகோ லூகரும் ரோரி பார்ன்சும் 2015இல் போட்ட கணக்குப்படி, பூமியின் கடல்களைப் போலப் பல மடங்கு நீரை ஒரு கோள் இப்படி இழக்கக்கூடும். எஞ்சிய ஆக்சிஜன் பாறையோடு சேர்ந்து துருவாகலாம், இல்லாவிட்டால் தடித்த ஆக்சிஜன் காற்றாக அங்கேயே தங்கலாம். இந்தக் கடைசி வாய்ப்பைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், வழக்கில் பின்னால் தேவைப்படும்.

அடுத்தது எக்ஸ் கதிர். மொத்த ஒளியில் இத்தனை மங்கலான டிராப்பிஸ்ட்-1, எக்ஸ் கதிரில் மட்டும் அமைதியான சூரியனுக்கு ஈடாக வீசுவதை எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி காட்டியது. சூரியனின் எக்ஸ் கதிர் நமக்கு 15 கோடி கிலோமீட்டர் கடந்து வருகிறது. பி கோளுக்கு 17 லட்சம் கிலோமீட்டர்தான் இடைவெளி. இதற்கு மேல் சுடர்வெடிப்புகள் வேறு. கெப்ளர் தொலைநோக்கி 80 நாள் பார்த்ததில் 42 வெடிப்புகள் எண்ணப்பட்டன.

எதிர்த்தரப்பு வாதமும் பலவீனமானது அல்ல. காற்று ஒரு முறை போனால் போனதுதான் என்று கிடையாது. உள்ளே வெப்பம் இருக்கும் கோள் எரிமலைகள் வழியாக மறுபடியும் வாயுவை வெளியேற்றும். பூமியின் இன்றைய காற்றே இரண்டாம் தலைமுறைக் காற்றுதான். கோள் எவ்வளவு நீரோடும் கார்பனோடும் பிறந்தது, அதில் எவ்வளவு ஆழத்தில் பத்திரமாகப் பதுங்கியது என்பதைப் பொறுத்தே எல்லாம். நட்சத்திரத்தின் மூர்க்கத்தனம் முடிந்த பிறகு வெளிவரும் வாயு, அமைதியான சூழலில் தங்கிவிடலாம்.

முன்பு இன்னொரு பயமும் இருந்தது. இந்தக் கோள்கள் ஒரே முகத்தையே நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டு சுற்றும் என்பதால், நிரந்தர இரவுப் பக்கத்தில் காற்று உறைந்து கொட்டிவிடும் என்றார்கள். 1997இல் ஜோஷி, ஹேபர்லி, ரெனால்ட்ஸ் மூவரும் செய்த கணிப்பு அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கியது. பூமியின் வளியழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தாலே, காற்று வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கடத்திக் காப்பாற்றிவிடுமாம்.

அளந்த விதம்

அந்தக் கடத்தல்தான் சோதனைக்கு ஆதாரம். காற்று இல்லாத கோளில், மதிய வெயிலில் கிடக்கும் மொட்டை மாடி மாதிரி, விழும் வெப்பம் விழுந்த இடத்திலேயே கொதிக்கும். காற்று இருந்தால் அது வெப்பத்தின் ஒரு பகுதியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், முன்பக்கம் குளிரும். பி கோளுக்கு வெப்பம் கோள் முழுக்கச் சமமாகப் பரவினால் வர வேண்டியது சுமார் 125 டிகிரி. கொஞ்சமும் பரவாவிட்டால் 235. இரண்டுக்கும் நடுவில் 110 டிகிரி வித்தியாசம் இருப்பதால், இத்தனை தொலைவிலிருந்தும் வேறுபாடு காண முடிகிறது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியில் 15 மைக்ரான் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அலைநீளத்தைக் கார்பன் டை ஆக்சைடு பலமாக உறிஞ்சும். தடித்த கார்பன் டை ஆக்சைடு காற்று இருந்தால் மேலடுக்கின் குளிர்ந்த பகுதியை மட்டுமே நாம் பார்ப்போம். கோள் இன்னும் மங்கலாகத் தெரியும். ஆக, ஒரே அளவீட்டில் இரண்டு பரிசோதனை.

ஐந்து முறை கோள் மறைவதைப் பார்த்துச் சேர்த்த பிறகுதான் அந்த 861 கிடைத்தது. இந்த எண்ணின் சிறுமையைப் பாருங்கள்: கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது ஒளியில் 0.7 விழுக்காடு மறைகிறது. பின்னால் போகும்போது குறைவது 0.09 விழுக்காடுகூட இல்லை. அந்தச் சொற்ப ஒளியை வெப்பநிலையாக மாற்ற, நட்சத்திரம் அதே 15 மைக்ரானில் எவ்வளவு பிரகாசம் என்பதும் தெரிய வேண்டும். 2,550 கெல்வின் என்ற பொதுவான வெப்பநிலையை அப்படியே போட்டுக் கணக்கிட்டால் விடை தப்பும், ஏனெனில் இந்த வகை நட்சத்திரம் அந்த அலைநீளத்தில் அதைவிடக் குளிர்ந்ததாகத் தெரிகிறது. எனவே நட்சத்திரத்தின் பிரகாசத்தையும் அதே அவதானிப்புகளிலிருந்தே எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து சி கோளின் முடிவு வந்தது. ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் சீபா தலைமையிலான குழு, நான்கு மறைவுகளைப் பார்த்து பத்து லட்சத்துக்கு 421 என்ற எண்ணைத் தந்தது. பகல் பக்கம் 107 டிகிரி, பிழை 31. இங்கே விஷயம் பி கோள் மாதிரி சுத்தமாக இல்லை. சீராகப் பரவினால் 67, பரவாவிட்டால் சுமார் 160 என்ற இரு எல்லைகளுக்கும் நட்ட நடுவில் வந்து நிற்கிறது. வெள்ளிக் கோளுக்குக் கிடைப்பதை ஒத்த வெப்பம் பெறும் கோள் இது. வெள்ளியில் இருப்பது போன்ற தடித்த கார்பன் டை ஆக்சைடு இங்கே இருந்தால் பார்த்ததைவிட மங்கலாக இருந்திருக்கும். ஆகவே அது ஏறக்குறைய விலக்கப்பட்டது. மெல்லிய காற்று, அல்லது கொஞ்சம் வெளிறிய நிறத்தில் மொட்டைப் பாறை, இரண்டில் எதுவும் பொருந்தும்.

குறுக்கு விசாரணை

ஒரே அலைநீளத்தில் பார்த்து முடிவெடுப்பதில் ஓட்டை உண்டு. முன்னே சொன்ன ஆக்சிஜன் காற்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு அதிகம் கலக்காத ஆக்சிஜன், 15 மைக்ரானில் பெரிதாக எதையும் உறிஞ்சாது. சி கோளுக்கு அந்த வழி திறந்தே இருந்தது.

பி கோளிலும் சிக்கல் எழுந்தது. எல்சா டுக்ரோ குழு அதை 12.8 மைக்ரானிலும் அளந்து, இரண்டையும் சேர்த்து 2024 டிசம்பரில் வெளியிட்டது. கறுத்துப் பழுதான பழைய பாறை என்ற எளிய படம் இரண்டு அலைநீளத்துக்கும் சேர்த்துப் பொருந்தவில்லை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த, ஒப்பீட்டளவில் புதிய பாறை என்றால் பொருந்தியது. அல்லது, புகைமூட்டம் நிறைந்த கார்பன் டை ஆக்சைடு காற்று, அதுவும் மேலடுக்கு கீழடுக்கைவிடச் சூடாக இருக்கும் விசித்திரமான காற்று என்றாலும் பொருந்தியது. அப்படிப்பட்ட மேலடுக்கில் கார்பன் டை ஆக்சைடு ஒளியை விழுங்குவதற்குப் பதில் உமிழும். கோள் மொட்டைப் பாறை போலவே வேடம் போடும். எழுதியவர்களே அந்த இரண்டாவது விளக்கத்தை அதிகம் நம்பவில்லை, நானும்தான். ஆனால் விலக்க வழியில்லாமல் இருந்தது.

வழி, இரவுப் பக்கத்தைப் பார்ப்பது. கோள் சுற்றும் முழு நேரமும் தொடர்ந்து பார்த்தால் பகல் முகம், பக்க முகம், இரவு முகம் என்று ஒவ்வொன்றாக நமக்குத் திரும்பும். காற்று எந்த வகையாக இருந்தாலும், தடித்ததாக இருந்தால் இரவுப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தே தீர வேண்டும். வேடம் அங்கே செல்லாது. இந்த முறை ஏற்கெனவே ஒரு முறை வென்றிருந்தது: 2019இல் லாரா கிரைட்பெர்க் குழு, ஸ்பிட்சரால் 100 மணி நேரம் வேறொரு செங்குறுமீனைச் சுற்றும் எல்எச்எஸ் 3844பி என்ற கோளைப் பார்த்தது. 11 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் கோள். பகல் பக்கம் சுமார் 770 டிகிரி; இரவுப் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. பூமியின் வளியழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் காற்று அங்கே இல்லை என்றும், தரை நம் நிலவின் கறுப்புச் சமவெளிகளைப் போன்ற எரிமலைப் பாறையாக இருக்கலாம் என்றும் முடிவு சொன்னார்கள்.

அதையே கில்லோன் குழு 2025இல் டிராப்பிஸ்ட்-1இன் பி, சி இரண்டுக்கும் செய்து காட்டியது. இரண்டின் இரவுப் பக்கத்திலிருந்தும் குறிப்பிடத்தக்க வெப்பம் பதிவாகவில்லை. பி கோளுக்குத் தடித்த காற்று கிடையாது என்பதில் இனி பெரிய சண்டைக்கு இடமில்லை. சி கோளில் மெல்லிய ஆக்சிஜன் காற்றுக்குச் சின்ன இடுக்கு மிச்சம் இருக்கிறது. எனக்கு அது பெயரளவுக்கான இடுக்காகவே படுகிறது.

சரி, இதே வகையில் மற்ற செங்குறுமீன்களின் சூடான பாறைக் கோள்களும் அளக்கப்பட்டன. ஜிஜே 1132பி, ஜிஜே 486பி இரண்டும் காற்றில்லாப் பாறையோடு ஒத்துப்போகின்றன. இதில் 1132பி ஒரு நல்ல பாடம். 2021இல் ஹபிள் தரவிலிருந்து ஒரு குழு அதில் ஹைட்ரஜன் சயனைடு இருப்பதாகச் சொன்னது. அதே தரவை வேறு இரண்டு குழுக்கள் ஆராய்ந்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை.

நட்சத்திரமே குறுக்கே நின்றால்

மறைவு முறை சூடான கோள்களுக்குத்தான் உதவும். இ கோள் குளிர்ந்தது; அதன் சொந்த வெப்பத்தை இப்படிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அதற்கு வேறு முறை: கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது, அதன் விளிம்புக் காற்றின் வழியே வடிந்து வரும் ஒளியில் வாயுக்களின் தடம் தேடுவது.

தேடலாம்தான். ஆனால் டிராப்பிஸ்ட்-1இன் முகம் சீரானது அல்ல. குளிர்ந்த கரும்புள்ளிகளும் சூடான திட்டுகளும் அதில் நிறைந்திருக்கின்றன, அவையும் சுழன்று மாறிக்கொண்டே இருக்கின்றன. கோள் கடக்கும் பாதையில் உள்ள நட்சத்திரப் பரப்பும் மீதிப் பரப்பும் வேறுவேறு நிறம் என்றால், அந்த வேறுபாடே கோளின் காற்றைப் போல நடிக்கும். இன்னும் மோசம், இவ்வளவு குளிர்ந்த நட்சத்திரத்திலேயே நீராவி உண்டு. நீராவித் தடம் தெரிந்தால் அது கோளுடையதா நட்சத்திரத்துடையதா என்று எப்படிச் சொல்வது? ஜிஜே 486பி கோளில் 2023இல் கிடைத்த நீராவிச் சாயல் இப்படித்தான் இழுபறியில் போனது. மாண்ட்ரியலைச் சேர்ந்த ஒலிவியா லிம் குழு, டிராப்பிஸ்ட்-1பி மேல் இதே கடப்பு முறையைச் செய்தபோது, கிடைத்த நிறமாலையில் நட்சத்திரத்தின் கறையே மேலோங்கி நின்றது.

2025 ஆகஸ்டில் டி கோளின் முடிவு வெளியானது. பூமி போன்ற காற்றில் எதிர்பார்க்கும் மூலக்கூறுகளின் தடம் எதுவும் இல்லை. செப்டம்பரில் இ கோள். நெஸ்டர் எஸ்பினோசா, அனா கிளிடன் ஆகியோர் தலைமையிலான இரண்டு கட்டுரைகள், நான்கு கடப்புகளின் தரவு. நான்கிலும் நட்சத்திரக் கறை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. கறையைக் கழித்த பிறகு உறுதியாகச் சொல்ல முடிந்தது, கோளுக்கு ஆரம்பகால ஹைட்ரஜன் போர்வை இப்போது இல்லை என்பதை மட்டும்தான். நைட்ரஜன் மிகுந்த காற்று, கொஞ்சம் மீத்தேனோடு, இருக்கலாம். மொட்டையாகவும் இருக்கலாம். சில செய்திகள் இதில் மீத்தேனை மட்டும் பிடித்துக்கொண்டு தலைப்பு போட்டன. நான்கு கடப்புகளை வைத்து, இந்த நட்சத்திரத்துக்கு முன்னால், மீத்தேன் என்று சொல்வது பொறுப்பான செயல் அல்ல. கட்டுரைகளே அப்படிச் சொல்லவில்லை.

இதுவரை நிற்பது என்ன

கெவின் சான்லியும் டேவிட் காட்லிங்கும் 2017இல் ஒரு வரைபடம் போட்டார்கள். ஒரு பக்கம் விடுபடு வேகம், மறுபக்கம் பெறும் கதிர்வீச்சு. சூரியக் குடும்பத்தில் காற்றுள்ள உலகங்களும் இல்லாதவைகளும் ஒரு கோட்டின் இரண்டு பக்கமும் தனித்தனியாக விழுந்தன. அதற்கு அண்டக் கரை என்று பெயர் வைத்தார்கள். செங்குறுமீன்களுக்கு அந்தக் கோடு எங்கே விழும் என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. இதுவரை அளந்தவை எல்லாம் கரையின் மோசமான பக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட, சுட்டெரிக்கும் கோள்கள். அவை மொட்டையாக இருப்பதில் ஆச்சரியம் குறைவு. அவை எளிதில் அளக்கக்கூடியவை என்பதால்தான் முதலில் அளக்கப்பட்டன என்பதை மறந்துவிட்டு, முழு வகைக்கும் தீர்ப்பு எழுதுவதைத்தான் அவசரம் என்றேன்.

இதற்காகவே பாறை உலகங்கள் என்ற பெயரில் ஒரு பெரிய திட்டம் ஓடுகிறது. வெப் தொலைநோக்கியின் 500 மணி நேரம், கூடவே நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிரை அளக்க ஹபிளின் நேரம். முதலில் எடுத்துக்கொண்ட ஜிஜே 3929பி மறுபடியும் மொட்டைப் பாறையோடு ஒத்துப்போனது. எனக்கு அதிக ஆவல் எல்எச்எஸ் 1140பி மேல்தான். பூமியைப் போல ஐந்தரை மடங்கு நிறை, 25 நாளுக்கு ஒரு சுற்று, ஒப்பீட்டளவில் அமைதியான நட்சத்திரம். இதுகூடக் காற்றை இழந்திருந்தால், எதிர்த்தரப்பு வாதம் உண்மையிலேயே தளர்ந்துபோகும்.

இ கோளுக்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டிருக்கிறார்கள். பி கோளில் காற்று இல்லை என்று தெரிந்துவிட்டதால், அதன் கடப்பில் தெரியும் நிறமெல்லாம் நட்சத்திரக் கறைதான். பி, இ இரண்டும் அடுத்தடுத்து சில மணி நேர இடைவெளியில் கடக்கும் தருணங்களைப் பிடித்தால், பி-யில் கிடைத்ததைக் கறையின் அளவுகோலாக வைத்து இ-யிலிருந்து கழிக்கலாம். இப்படி 15 ஜோடிகள் பார்க்கத் திட்டம். தேடுவது கார்பன் டை ஆக்சைடின் 4.3 மைக்ரான் தடம். நட்சத்திரக் கறையால் எளிதில் போலி செய்ய முடியாத தடங்களில் அது ஒன்று. இ கோள் 6.1 நாளுக்கு ஒரு முறைதான் கடக்கிறது. அந்த ஜோடி எல்லாச் சுற்றிலும் அமையாது. கும்ப மண்டலத்தின் அந்த மூலை வெப் தொலைநோக்கிக்கு ஆண்டில் இரண்டு குறுகிய காலங்களில் மட்டுமே தெரியும். தரவு முழுதும் சேர்வதற்கு அதனால்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது.